செனக்காவிலிருந்து பால்ட்வின் வரை: ஒரு கட்டுரைத் தொகுப்பு

கூட்டுறவு வங்கியின் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் வாங்கிய புத்தகங்களில், கட்டு விட்டுப்போகிற அளவுக்குப் படித்தது இது ஒன்றுதான்: ஃபிலிப் லோபேட் தொகுத்த ‘தி ஆர்ட் ஆஃப் த பெர்சனல் எஸ்ஸே’. 1994-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கிலப் புத்தகம். எண்ணூறு பக்கத்தை எட்டிப் பிடிக்கிற தடிமன். எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். ரோம் நகரத்துச் செனக்காவில் ஆரம்பித்து இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கர்களில் வந்து நிற்கிறது. நாவலுக்கும் சிறுகதைக்கும் நாம் கொடுக்கிற இடத்தை இந்த வகை எழுத்துக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஆசைக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

எழுதுகிறவர் தனக்கு நேர்ந்ததை வைத்துக்கொண்டு நம் எதிரில் உட்கார்ந்து யோசிக்கிறார். அவ்வளவுதான் தன்னனுபவக் கட்டுரை. கதை என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருப்போம். இங்கே பெரும்பாலும் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஒருவர் காலாற நடந்துவிட்டு வருகிறார். ஒருவர் பென்சில் வாங்கக் கிளம்புகிறார். இன்னொருவருக்கு ஒற்றைத் தலைவலி. ஆனால் ஆரம்பித்தபோது அவர் நினைத்ததும் முடிக்கும்போது நினைப்பதும் ஒன்றாக இருக்காது. நடுவில் மனசு எந்த இடத்தில் திரும்பியது என்பதை நாம் கூடவே இருந்து பார்க்கிறோம். இந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்த கட்டுரைகள் எல்லாவற்றிலும் அந்தத் திருப்பம் இருக்கிறது.

முதல் உதாரணம் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. செனக்கா ஒரு பொதுக் குளியல்கூடத்துக்கு மேலே குடியிருந்துகொண்டு நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். கீழேயிருந்து என்னென்ன சத்தம் வருகிறது என்று வரிசையாகச் சொல்கிறார். ஈயக் குண்டு தூக்குகிறவர்கள் மூச்சை அடக்கி விடுகிற முனகல். எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் தோளில் தட்டும் ஓசை. உள்ளங்கையைத் தட்டையாக வைத்தால் ஒரு சத்தம், குவித்து வைத்தால் வேறு சத்தம். பந்து விளையாட்டில் கணக்குச் சொல்கிறவன். தன் குரலைத் தானே ரசித்துக்கொண்டு குளிக்கிறவன். தண்ணீரில் தொப்பென்று குதிக்கிறவன். அக்குள் முடி பிடுங்குகிறவன் கீச்சுக்குரலில் ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அவன் வாய் மூடுவது இன்னொருவனை அலறவைக்கும்போது மட்டும்தான். அப்புறம் தின்பண்டம் விற்கிறவர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு ராகம். ஏறத்தாழ 2000 வருடத்துக்கு முந்தைய ஒரு தெரு முழுவதையும் இந்த ஒரு பத்தியில் காதால் கேட்டுவிடலாம்.

அதன் பிறகுதான் விஷயம். மனசு அமைதியாக இருந்தால் வெளிச்சத்தம் ஒன்றும் செய்யாது, உள்ளே கொந்தளிப்பு இருந்தால் நடு இரவின் நிசப்தம்கூட உதவாது என்று பொறுமையாக விளக்குகிறார். நாமும் தலையாட்டிக்கொண்டே போகிறோம். கடைசியில், சில நேரம் சத்தத்திலிருந்து விலகி இருப்பதும் சுலபமான வழிதானே, நான் வீடு மாறப்போகிறேன் என்கிறார். சொன்ன தத்துவத்தையும் அவர் வாபஸ் வாங்கவில்லை, தன் காதையும் ஏமாற்றவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். ஒரு தத்துவ நூல் என்றால் அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டியிருப்பார்கள். இங்கே அது இருப்பதால்தான் செனக்கா எனக்கு ஒரு மனிதராகத் தெரிகிறார்.

அடுத்து கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க். வெளியூரில் இருக்கும்போது, இரண்டு வயது மகள் டிமோக்ஸீனா இறந்துவிட்டாள் என்ற செய்தி வருகிறது. மனைவிக்கு எழுதுகிறார். துக்கத்தில் நிதானம் வேண்டும், ஒப்பாரியில் ஊரைக் கூட்ட வேண்டாம் என்றெல்லாம் அந்தக் காலத்து ஆண் பேசுகிற பேச்சு நிறைய இருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நடுவில் ஒரு இடம். தனக்குப் பாலூட்டுகிற தாதியிடம் அந்தக் குழந்தை, மற்ற குழந்தைகளுக்கும் கொடு, என் பொம்மைகளுக்கும் கொடு என்று கேட்பாளாம். தனக்குப் பிடித்ததை எல்லோரோடும் பங்கிட்டுக்கொள்கிற குணம் என்று அப்பா எழுதுகிறார். அந்த வரியை எழுதும்போது அவருடைய நிதானம் எங்கே போனது என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். பெரிய சரித்திர நாயகர்களின் வாழ்க்கையை எழுதியவர் என்றுதான் ப்ளூட்டார்க்கை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு இனி அவர் அந்தக் குழந்தையின் அப்பா.

ஜப்பானிய அரண்மனையில் பணிபுரிந்த ஸெய் ஷோனகான் சுமார் 1000-ஆம் ஆண்டில் எழுதிய பட்டியலும் இதில் இருக்கிறது. தனக்கு வெறுப்பூட்டுகிறவற்றைச் சொல்லிக்கொண்டே போகிறார். அவசரமாகக் கிளம்புகிற நேரத்தில் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிற விருந்தாளி. மை உரைக்கிற கல்லில் ஒட்டிக்கொண்ட ஒற்றை முடி. கண் அயர்கிற நேரத்தில் மெல்லிய குரலில் தன் வருகையை அறிவிக்கிற கொசு. அதன் சிறகுக் காற்றுகூட முகத்தில் படுகிறதாம். காவிரிக்கரையில் குடியிருக்கிற எனக்கு அந்தக் கொசுவை யாரும் அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டியதில்லை.

இந்த வடிவத்தின் ஊற்று என்று எல்லோரும் கைகாட்டுவது பிரான்ஸின் மொந்தேனை. 1571-இல், முப்பத்தெட்டாவது பிறந்தநாளில், பதவியை விட்டுவிட்டுத் தன் பண்ணை வீட்டுக் கோபுரத்தில் இருந்த வட்டமான நூலக அறைக்குப் போய் உட்கார்ந்தவர். உத்தரங்களில் கிரேக்க, லத்தீன் வாசகங்களை எழுதவைத்திருந்தார். உயிர் நண்பர் லா போயெஸி 1563-இலேயே இறந்துவிட்டார். பேச ஆள் இல்லாத குறையைத்தான் காகிதத்தில் தீர்த்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும். 1580-இல் முதல் இரண்டு பாகங்கள் வந்தன, 1588-இல் மூன்றாவது. அப்புறமும் விடவில்லை. அச்சான பிரதியின் ஓரங்களில் 1592-இல் சாகிறவரை சேர்த்துக்கொண்டே இருந்தார். பழைய கருத்தை அடிப்பதைவிட அதன் பக்கத்தில் புதியதைச் சேர்ப்பதுதான் அவர் வழக்கம்.

லோபேட் அவருடைய மூன்று கட்டுரைகளைத் தேர்ந்திருக்கிறார். நான் திரும்பத் திரும்பப் படிப்பது மூன்றிலும் சின்னது. இரண்டு பக்கம்கூட வராது. ஒரு குழந்தையின் மார்போடு தலையில்லாத இன்னொரு குழந்தையின் உடல் ஒட்டியிருக்கிறது. உறவினர்கள் அதை ஊர் ஊராகக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். மொந்தேன் பார்க்கிறார். எப்படி ஒட்டியிருக்கிறது, எது அசைகிறது, எது தொங்குகிறது, குழந்தை எப்படிப் பால் குடிக்கிறது என்று ஒரு வைத்தியரைப் போலக் குறித்துக்கொள்கிறார். அருவருப்பும் இல்லை, பரிதாபப் புலம்பலும் இல்லை. நாம் கோரம் என்று சொல்வது கடவுளுக்குக் கோரம் இல்லை, நமக்குப் பழக்கமில்லாததைத்தான் இயற்கைக்கு மாறானது என்கிறோம் என்கிற இடத்துக்கு வந்து நிறுத்துகிறார். பதினாறாம் நூற்றாண்டில், அப்படிப்பட்ட பிறவிகளைக் கெட்ட சகுனமாகப் பார்த்த காலத்தில், இதை எழுத எவ்வளவு தெளிவு வேண்டும்!

ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் வரிகளைச் சாக்கிட்டு அவர் எழுதிய நீண்ட கட்டுரை வேறு மாதிரி. முதுமை, கல்யாணம், காமம் என்று ஒளிவுமறைவு இல்லாமல் போகிறது. வழியனுப்ப வாசல்வரை வந்தவர் அங்கேயே நின்று இன்னொரு மணி நேரம் பேசுவதைப் போல, முடிந்தது என்று நினைக்கிற இடத்தில் எல்லாம் மறுபடி ஆரம்பிக்கிறது. முதல் தடவை படிக்கிறவர்கள் பாதியில் வைத்துவிட்டு வேறொன்றுக்குப் போய் வரலாம்.

இனி சார்லஸ் லாம். இவருக்காக மட்டுமே இந்தப் புத்தகத்தை வாங்கச் சொல்வேன்.

தமிழ்நாட்டில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களில் பலர் லாமின் ‘ட்ரீம் சில்ட்ரன்’ கட்டுரையைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். கும்பகோணத்தில் பி.ஏ. படித்தபோது எனக்கும் அது பாடம். ‘லாமின் நகைச்சுவையும் சோகமும்’ என்று பதினைந்து மதிப்பெண் கேள்வி வரும். கேள்விக்குத் தேவையான அளவுக்குப் பாடம் நடந்தது. அந்தக் கட்டுரையில் ஒரு அப்பா தன் இரண்டு பிள்ளைகளுக்கு அவர்களுடைய கொள்ளுப்பாட்டியின் கதையைச் சொல்கிறார். பாட்டி நன்றாக நடனமாடுவாள் என்று சொல்லும்போது சின்னப் பெண் ஆலிஸின் வலது கால் தானாகத் தாளம் போடுகிறது. சிறு வயதில் தோட்டத்துப் பழங்களைத் தொடாமல் சும்மா சுற்றி வருவதே எனக்குச் சந்தோஷம் என்று அப்பா சொல்ல, பையன் ஜான் கையில் எடுத்த திராட்சைக் கொத்தை ஓசைப்படாமல் தட்டிலேயே வைத்துவிடுகிறான். கடைசியில் பிள்ளைகள் மங்கிக்கொண்டே போகிறார்கள். நாங்கள் உன் பிள்ளைகள் இல்லை, நாங்கள் யாருமே இல்லை என்கிறார்கள். கல்யாணமே ஆகாத ஒருவர் நாற்காலியில் தூங்கி எழுகிறார். பக்கத்தில் பிரிட்ஜெட் எப்போதும்போல இருக்கிறாள்.

பிரிட்ஜெட் என்று அவர் எழுதுவது சொந்த அக்கா மேரியை. 1796-இல், சித்தம் கலங்கிய நேரத்தில், மேரி தன் தாயைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டாள். லாமுக்கு அப்போது இருபத்தொரு வயது. அக்காவை வாழ்நாள் முழுக்க மனநல விடுதியில் அடைத்துவிடாமல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நோய் திரும்பி வரும்போதெல்லாம் அவரே அவளைக் கூட்டிக்கொண்டு விடுதிக்கு நடந்துபோவார். இதில் ஒரு சொல்கூடக் கட்டுரையில் கிடையாது. லோபேட் ஒவ்வொரு எழுத்தாளருக்கும் முன்னால் ஒரு அறிமுகக் குறிப்பு எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட விவரங்களைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் திராட்சைக் கொத்தைப் படித்துப் பாருங்கள். தன்னைப் பற்றி எழுதுவது என்றால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று இன்றைக்கு நினைக்கிறார்கள். லாம் எதைச் சொல்லவில்லை என்பதில்தான் அந்தக் கட்டுரையின் பாரம் முழுவதும் இருக்கிறது.

இன்னொரு கட்டுரை, பணி ஓய்வு பற்றியது. லாம் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்து, 1825-இல் வெளியே வந்தார். முப்பத்துமூன்று வருடம். இந்தியாவிலிருந்து போன அவுரியும் துணியும் ஏலத்தில் விற்ற கணக்கெல்லாம் அந்த அலுவலகப் பேரேடுகளில்தான் ஏறின. அச்சில் வந்தது எல்லாம் என் பொழுதுபோக்கு, என் உண்மையான படைப்புகள் அலுவலகம் இருந்த லெடன்ஹால் தெரு அலமாரிகளில் இருக்கின்றன என்று ஒரு தன்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். நான் வாழ்நாளில் பாதியைப் பேரேட்டின் முன்னால் கழித்தவள். டெபிட்டும் கிரெடிட்டும் சேரும்வரை இரவு எட்டு மணிக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவள். கூட்டலும் கழித்தலும் செய்த அதே கை இப்படியும் எழுதியது என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்தக் கட்டுரையில் அவர் வேலை செய்த இடத்தை வேறொரு வியாபார நிறுவனமாக மாற்றி, வருடத்தையும் முப்பத்தாறு என்று கூட்டிவிட்டார். விவரம் மாறினாலும் உணர்வில் ஒரு இழைகூடப் பொய் இல்லை. திடீரென்று விடுதலை. முதல் சில நாள் தலைசுற்றல். எந்தக் கிழமை என்றே தெரியவில்லை. பழைய சிறையிலிருந்து ஒரே நாளில் வெளியே விட்ட கைதியின் நிலை. சந்தோஷமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார், சந்தோஷமாக இல்லை. பிறகு ஒருநாள் பழைய அலுவலகத்துக்குப் போகிறார். கூட வேலை பார்த்தவர்கள் அன்பாகத்தான் பேசுகிறார்கள். பழைய கேலியைக்கூட எடுத்துவிடுகிறார்கள், அது எடுபடவில்லை. அவருடைய மேஜை இன்னொருவருக்குப் போய்விட்டது. தொப்பி மாட்டுகிற கொக்கியும் போய்விட்டது. அப்படித்தான் ஆகும் என்று தெரியும், ஆனாலும் எனக்கு அது உவப்பாக இல்லை என்கிறார்.

அந்தக் கொக்கிதான் கட்டுரை. முப்பது வருட உத்தியோகம், முதுமை, மறதி என்று பொதுவாக எழுதினால் நாலு பக்கம் நீளும், ஒருவர் மனசிலும் நிற்காது. தினமும் காலையில் கை தானாகப் போய்ப் பழகிய ஓர் இரும்புக் கொக்கியில் இன்றைக்கு வேறொருவர் தொப்பி. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கிளைக்கு ஒரு கையெழுத்துக்காகப் போயிருந்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சின்னப் பெண். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நான் செருகி வைத்திருந்த நாயன்மார் படம் அப்படியே இருந்தது, அதன்மேல் அவளுடைய கைப்பேசி. மிகவும் மரியாதையாக, “உக்காருங்க மேடம், என்ன வேணும்?” என்று கேட்டாள். லாம் அந்த ஒரு வாக்கியத்தில் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

லாமின் நண்பர் ஹாஸ்லிட்டின் ‘வெறுப்பதன் இன்பம்’ இதற்கு நேர் எதிர். அறையில் விரித்த பாயின் மேல் ஒரு சிலந்தி ஊர்ந்து வருகிறது. அவர் கொல்லவில்லை. தப்பிப் போகட்டும் என்று பாயைத் தூக்கிக்கூட விடுகிறார். ஆனால் உடம்பு கூசுகிறது. கையை அடக்கப் பழகிவிட்டோம், வெறுப்பை அடக்கப் பழகவில்லை என்று அங்கிருந்து புறப்பட்டு, பழைய நட்புகள் எப்படிக் கசந்தன, பிடித்த புத்தகங்கள் எப்படிச் சலித்தன என்று போய், கடைசியில் உலகத்தைப் போதுமான அளவு வெறுக்காமல் விட்டதற்காகத் தன்னையே வெறுக்கிற இடத்தில் முடிக்கிறார். படித்து முடித்ததும் ஒரு நல்ல காரியம் செய்தவர் மாதிரி யாரும் எழுந்திருக்க முடியாது. நெஞ்சில் இருப்பதை இவ்வளவு பச்சையாக வெளியே எடுத்துவைத்த எழுத்து குறைவு. சிலந்தியைக் கொல்லாத கையையும் கூசுகிற உடம்பையும் ஒன்றாகப் பார்த்ததால்தான் அவர் சொல்கிற மற்றதையும் நான் நம்புகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அடிசன், ஸ்டீல் பகுதியை வேகமாகத் தாண்டலாம். அந்தக் கால லண்டனின் தெருக்களும் நாடக அரங்கும் நன்றாகத் தெரிகின்றன, ஆனால் பேசுகிற ஆள் மனசில் தங்கவில்லை. அமெரிக்க நகைச்சுவையாளர்கள் சிலரும் அப்படித்தான்; அந்த ஊர்க்காரர்களுக்கு இனிக்கலாம். வர்ஜீனியா வுல்ஃப் பென்சில் வாங்குகிற சாக்கில் மாலை நேரத்து லண்டனில் அலைகிற கட்டுரையைத் தாண்டாதீர்கள். ஒரு பெண் காரணம் சொல்லாமல் சும்மா வெளியே நடப்பதற்கு ஒரு பென்சிலாவது சாக்காக வேண்டியிருக்கிறது என்பதை எங்கள் தலைமுறைப் பெண்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இத்தாலியின் நடாலியா கின்ஸ்பர்க் எழுதிய ‘அவரும் நானும்’ கட்டுரையை என் வீட்டுக்காரருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். அவருக்கு எப்போதும் புழுக்கம், எனக்கு எப்போதும் குளிர் என்றுதான் தொடக்கம். எங்கள் வீட்டில் மின்விசிறி ஐந்தில் ஓட வேண்டும் என்பார் அவர், இரண்டு போதும் என்பேன் நான். “இத உன்னப் பாத்து எழுதினாங்களா?” என்றார். கட்டுரை முழுக்க இதே தாளம்தான். அவருக்குப் பயணம் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. அவருக்கு வழி தெரியும், எனக்குத் தெரியாது. அவருக்கு நாடகம், ஓவியம், சங்கீதம் எல்லாம் பிடிக்கும், எனக்குக் கவிதை மட்டும். ஒரு குறை, ஒரு நிறை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவருடைய அதட்டலையும் மறைக்கவில்லை, தன் சோம்பலையும் மறைக்கவில்லை. புகாரா பிரியமா என்று சொல்ல முடியாதபடி இரண்டும் கலந்து ஓடுகிறது. கடைசியில் பல வருடம் முன்னால், இருவருக்கும் அவ்வளவாகப் பழக்கமில்லாத நாளில், ரோமின் ஒரு வீதியில் சேர்ந்து நடந்த சாயங்காலம் நினைவுக்கு வருகிறது. மரியாதையாகப் பேசிக்கொண்டு, தெருமுனையில் நிரந்தரமாகப் பிரிந்துபோகவும் தயாராக இருந்த இரண்டு பேர். அந்த இடம் வந்தபோது எங்கள் வீட்டிலும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கின்ஸ்பர்க்கின் முதல் கணவர் லியோனே 1944-இல் ரோம் நகரச் சிறையில் செத்தவர். இந்தக் கட்டுரையில் வருகிறவர் இரண்டாவது கணவர். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தால், இந்தச் சின்னச் சின்னச் சண்டைகள் கிடைத்ததே கின்ஸ்பர்க்குக்கு எவ்வளவு பெரிது என்று தோன்றும்.

அர்ஜென்டினாவின் போர்ஹேஸ் 1955-இல் தேசிய நூலகத்தின் இயக்குநராக நியமிக்கப்பட்ட நேரத்தில் அவருக்குப் பார்வை போய்விட்டது. சுற்றிலும் ஒன்பது லட்சம் புத்தகங்கள், முதுகில் இருக்கிற எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. அதைப் பற்றிய கட்டுரையில் தன்னிரக்கம் துளியும் கிடையாது. மஞ்சள் நிறம் மட்டும் கடைசிவரை கைவிடவில்லை என்கிறார். கண் போன பிறகு மாணவர்களோடு உட்கார்ந்து பழைய ஆங்கிலம் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததைச் சொல்கிறார். கண் மருத்துவமனையில் காத்திருக்கிற யாருக்கும் இதைப் படித்துக் காட்டலாம்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் கட்டுரை இந்தப் புத்தகத்தின் சிகரம். 1943 ஜூலை 29-இல் அவருடைய அப்பா இறக்கிறார். அதே நாளில், சில மணி நேரம் கழித்து, அப்பாவின் கடைசிக் குழந்தை பிறக்கிறது. அடக்க ஆராதனை நடந்த நாள் பால்ட்வினின் பத்தொன்பதாவது பிறந்தநாள். நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் இனக் கலவரம் வெடிக்கிறது. உடைந்த கண்ணாடிச் சில்லுகள் இறைந்து கிடக்கிற தெருக்கள் வழியாக அப்பாவை இடுகாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இவ்வளவும் முதல் இரண்டு பத்திகளிலேயே வந்துவிடும். அப்பா ஒரு பாதிரியார், எவரையும் நம்பாதவர், வெள்ளையர்மேல் வைத்த கசப்பு அவரையே தின்றுவிட்டது. மகனுக்கு அவரைப் பிடிக்காது. அப்புறம் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில், இங்கே கறுப்பர்களுக்குப் பரிமாறுவதில்லை என்று பணிப்பெண் சொல்ல, பால்ட்வின் மேஜையில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அவள்மேல் வீசுகிறார். அது குறி தவறிப் பின்னாலிருந்த கண்ணாடியில் பட்டு நொறுங்குகிறது. தப்பித்து ஓடி வந்த பிறகு யோசிக்கிறார். தான் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது ஒரு பக்கம். தானே கொலை செய்யத் தயாராக இருந்தோம் என்பது இன்னொரு பக்கம். தன் உயிருக்கு ஆபத்து மற்றவர்களிடமிருந்து வருவதைவிடத் தன் நெஞ்சில் சுமக்கிற வெறுப்பிலிருந்து வருகிறது என்று கண்டுகொள்கிறார். அப்பாவின் நோய் தனக்கும் தொற்றிவிட்டது என்று புரிகிற இடம் அது. அநியாயத்தை ஒரு துளிகூடக் குறைத்துச் சொல்லாமல், தன்னையும் விட்டுவைக்காமல் எழுத முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. சாதியைப் பற்றித் தன் அனுபவத்தை வைத்து எழுத நினைக்கிற நம் இளைஞர்கள் பால்ட்வினைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஈ.பி. ஒயிட் 1941-இல் எழுதியது சின்னக் கட்டுரைதான். சிறுவயதில் அப்பாவோடு போன மெய்ன் மாகாணத்து ஏரிக்கு இப்போது மகனைக் கூட்டிக்கொண்டு போகிறார். யார் மகன், யார் அப்பா என்றே குழம்புகிறது. எல்லாம் அப்படியே இருக்கிறது. சாப்பிடப் போகிற மண் பாதையில் மட்டும் முன்பு மூன்று தடம் இருக்கும், இப்போது இரண்டுதான். நடுத்தடம் குதிரையின் குளம்படி பட்டது. குதிரை வண்டி போய் மோட்டார் வந்துவிட்டது. காலம் மாறியதைச் சொல்ல அந்த ஒரு காணாமல்போன தடம் போதும். என் அப்பா ஓட்டிய இரட்டை மாட்டு வண்டியின் சோடை எங்கள் வயல் பாதையில் எப்படி இருக்கும் என்று ஒயிட்டைப் படித்த பிறகுதான் நான் சரியாக நினைத்துப் பார்த்தேன்.

குறைகள். இவ்வளவு பெரிய தொகுப்பில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. சீனாவின் லூ சுன் இருக்கிறார், ஜப்பானின் தானிஸாகி இருக்கிறார், நைஜீரியாவின் சோயின்கா இருக்கிறார். ஆகவே மொழிபெயர்ப்பு கிடைக்கவில்லை என்கிற சமாதானம் முழுவதும் செல்லாது. உ.வே. சாமிநாதையர் தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி எழுதியவற்றை, ஏ.கே. செட்டியாரின் பயணக் குறிப்புகளை, அசோகமித்திரன் செகந்திராபாத் நாட்களையும் ஜெமினி ஸ்டுடியோ நாட்களையும் பற்றி எழுதியவற்றை, அ. முத்துலிங்கத்தை எல்லாம் வைத்துத் தமிழிலேயே இப்படி ஒரு தடித்த தொகுப்பு போடலாம். இத்தனை நூற்றாண்டு வரிசை, ஒவ்வொருவருக்கும் இப்படி ஓர் அறிமுகம் என்று யாராவது பதிப்பாளர் செய்ய முன்வந்தால் முன்பதிவுக்கு என் பெயர் முதலில் இருக்கும்.

அமெரிக்கப் பகுதி மிகவும் நீளம். அதைக் கொஞ்சம் சுருக்கி மற்ற நாடுகளுக்கு இடம் விட்டிருக்கலாம். ஸெய் ஷோனகானுக்குப் பிறகு அடுத்த பெண் குரல் வருவதற்கு எண்ணூறு வருடம் போய்விடுகிறது, 1795-இல் எழுதிய மரியா எட்ஜ்வொர்த் வரை. தொகுப்பாளர் தன்னுடைய கட்டுரை ஒன்றையும் சேர்த்துக்கொண்டிருப்பது சரியா என்று சிலர் கேட்பார்கள். அது சுமாரான கட்டுரை இல்லை, ஆனால் அந்த இடம் இன்னொருவருக்குப் போயிருக்கலாம் என்பது என் கட்சி. எழுத்து பொடி, என் வயதுக்காரர்கள் பகல் வெளிச்சத்தில் படிப்பது நல்லது. மெல்லட்டைப் பதிப்பு இவ்வளவு கனத்தைத் தாங்காது. என் பிரதி லாம் இருக்கிற இடத்தில் பிளந்துவிட்டது, உள்ளூர் பைண்டரிடம் கொடுத்துத் துணி ஒட்டி வாங்கிவைத்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் முதலிலேயே அதைச் செய்துகொள்ளலாம்.

லோபேட்டின் முன்னுரை நீளமானது, நல்லது. நேர்மை, தற்பெருமை, சோம்பல், முரண்டு பிடிக்கிற குணம் என்று இந்த வடிவத்தின் ஒவ்வொரு அம்சத்தையும் எடுத்துக்கொண்டு பேசுகிறார். ஆனால் அதைக் கடைசியில் படியுங்கள். இருபது கட்டுரையாவது படித்த பிறகு அவர் சொல்வது ஒவ்வொன்றுக்கும் உங்களிடமே ஓர் உதாரணம் இருக்கும், சில இடங்களில் அவரோடு சண்டையும் போடலாம். காலவரிசையிலும் போக வேண்டாம். கின்ஸ்பர்க்கில் தொடங்கி, ஒயிட், அப்புறம் லாமின் ஓய்வுக் கட்டுரை, அப்புறம் செனக்கா என்று வாருங்கள். பால்ட்வினுக்கு வேறு வேலை இல்லாத ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். மொந்தேனின் நீண்ட கட்டுரைக்கு ஒரு வாரம். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.